கோடு போட்டால் நடக்கும் கால்கள்

நடக்கத் தெரிந்தவர்களுக்கே நடக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. பிசியோதெரபி படித்துவிட்டு எண்பதுகளின் தொடக்கத்தில் டெல்லியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். "நான் நர்ஸ் இல்லை" என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம், கடைசிவரை எல்லாருக்கும் நான் சிஸ்டர்தான். இந்தத் தொழிலில் இருக்கிற பாவப்பட்டவர்களே, உங்களுக்கு இதெல்லாம் புரியும்.

வாசலில் நின்ற ஃபைல்

சுந்தரேசன் சார் லக்ஷ்மிபாய் நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸ்காரர், செக்‌ஷன் ஆபீசர். பார்க்கின்சன் நோய். மூளையில் ஏதோ ஒரு ரசாயனம் குறைவதால் வருவது இது என்று கண்டுபிடித்து, அதை ஈடுகட்ட மாத்திரையும் வந்துவிட்ட காலம். மாத்திரை போட்டதும் அவருக்குக் கை நடுக்கம் அடங்கியது, முகத்தில் சிரிப்புகூட வந்தது. ஆனால் வாசல் வந்தால் போச்சு, பாதம் இரண்டும் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

மகள் உஷாவுக்குத் தை மாதம் கல்யாணம். "மேடை வரைக்கும் என் காலால போகணும். சம்பந்தி வீட்டுக்காரா முன்னாடி என்னை யாரும் தூக்கிண்டு போகப்படாது," என்றார் சார். பக்கத்தில் நின்ற அவர் மனைவி கமலா மாமி குறுக்கே புகுந்தார்: "ஆத்துலயும் ஆபீஸ் ஃபைல் மாதிரியே இருக்கார் சிஸ்டர். வாசல் வரைக்கும் ஜோரா வரார், அப்பறம் நகர மாட்டேங்கறார்."

சாக்பீஸ்

எங்கள் டாக்டர் பஞ்சாபிக்காரர், சின்ன வயசு. வெளிநாட்டுப் பத்திரிகைகளை விழுந்து விழுந்து படிப்பார். ஒருநாள் ஓடிவந்து, "தரையில் குறுக்கே கோடு போட்டால் இவர்கள் தாண்டி நடக்கிறார்களாம். கால் மறந்துபோனதைக் கண் ஞாபகப்படுத்துகிறது. போட்டுப் பார்," என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டார். முட்டி தேய வராந்தா முழுக்கக் கோடு போட்டவள் நான்.

சுந்தரேசன் சார் முதல் கோட்டைப் பார்த்தார், காலைத் தூக்கி வைத்தார். அடுத்தது, அதற்கடுத்தது என்று வராந்தாவின் கடைசி வரைக்கும் போய்விட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் வந்தால் வராந்தா பளபளவென்று இருக்கிறது. துப்புரவு வேலை செய்யும் அங்கூரியை எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பிடித்து விளாசினேன். அவள் துடைப்பத்தைக்கூடக் கீழே வைக்காமல் இந்தியிலேயே சொன்னாள்: "நீங்க தினமும் போடுங்க, நான் தினமும் துடைக்கிறேன். ரெண்டு பேருக்கும் சர்க்கார்தானே சம்பளம் தருது?"

வரிக்குதிரைப் பாதை

ஆஸ்பத்திரியில் கோடு இருக்கிறது, தெருவில் யார் போடுவது? மாமி ஆளைத் தேட வேண்டியிருக்கவில்லை. குவார்ட்டர்ஸ் பக்கத்து மெயின் ரோட்டில் பாதசாரிகளுக்காகவே சர்க்கார் பட்டை பட்டையாக வெள்ளை அடித்து வைத்திருந்தது. சாயங்காலமானால் சாரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்தப் பக்கம் போவார்கள், உடனே இந்தப் பக்கம் வருவார்கள், மறுபடி அந்தப் பக்கம். சார் அதில் ராஜநடை போட்டார். ஆட்டோக்காரர்கள் ஹாரனை அமுக்கிப் பார்த்து ஓய்ந்துபோனார்கள்.

டிராஃபிக் போலீஸ்காரர் சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கும்பிட்டேவிட்டாராம்: "பாபுஜி, எந்தப் பக்கம் போகணும்னு வீட்டிலேயே முடிவு பண்ணிட்டு வரக் கூடாதா?"

சிவப்பு விரிப்பு

கல்யாணம் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் ஷாமியானா போட்டு நடந்தது. பந்தல்காரர் தன் மரியாதையைக் காட்ட, நுழைவாயிலிலிருந்து மேடை வரை சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார். ஒரு பூ இல்லை, கோடு இல்லை, ஒரே சிவப்பு. சுந்தரேசன் சார் வாசலில் கால் வைத்தார், நின்றுவிட்டார். முகூர்த்தம் நெருங்குகிறது, மேடையில் உஷா எழுந்தே நின்றுவிட்டாள். என் கைப்பையில் சாக்பீஸ் இருந்தது, ஆனால் கம்பளத்தில் சாக்பீஸ் எங்கே பிடிக்கும்? இரண்டு பேர் அவரைத் தூக்க வந்தார்கள். "வேண்டாம்ப்பா," என்றார் சார். குரல் உடைந்துவிட்டது.

அப்போதுதான் மாமியின் கண்ணில் நாதஸ்வரக்காரர்கள் உட்கார்ந்திருந்த ஜமுக்காளம் பட்டது. குறுக்கே குறுக்கே பட்டை பட்டையாக நிறம் மாறும் பவானி ஜமுக்காளம். "கொஞ்சம் எழுந்துக்கோங்கோ," என்று சொல்லிக்கொண்டே உருவினார். தவில்காரர் தவிலைத் தூக்கிக்கொண்டு நின்றார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்களைக் கிளப்பி இன்னொன்றை நான் இழுத்துவந்தேன். ஒன்றை விரிக்க, சார் பட்டைகளைத் தாண்டித் தாண்டி நடக்க, அதற்குள் மற்றதை முன்னால் விரிக்க, யார் தோளையும் தொடாமல் மேடை ஏறினார். உஷா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்?

சம்பந்தி பாலக்காட்டுக்காரர். எல்லாவற்றையும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்ல மாமியிடம் வந்தார்: "பெண்ணோட அப்பாவை இப்படி ஜமுக்காளம் போட்டு அழைக்கறது உங்க தஞ்சாவூர் வழக்கமா? நன்னாருக்கு, இனிமே நாங்களும் வெச்சுக்கறோம்."

மூளையைப் பற்றி விஞ்ஞானிகள் இன்னும் எவ்வளவோ கண்டுபிடிக்கத்தான் போகிறார்கள், சீக்கிரம் வரட்டும். அதுவரைக்கும் என் கைப்பையில் சாக்பீஸும் அலமாரியில் ஒரு பவானி ஜமுக்காளமும் இருக்கட்டும்.