கீரைக்கட்டை உதறும் வரப்பு

நனைந்த கீரைத் தண்டின் வாசனையில், எங்கள் பழைய வாடகை வீட்டு முறத்தில் ஓடிய ஒரு சிலந்தி நினைவுக்கு வருகிறது. முத்தாபுதுப்பேட்டையில், இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே மிஞ்சிய கீரை வயலில் விடியலில் நிற்கிறேன். வரப்புப் புல் முழுக்கப் பனி கோத்த வலைகள். பட்டாபிராம் பக்கம் ரயில் கடக்கும்போது எல்லாம் ஒன்றாக நடுங்கி அடங்குகின்றன. தளிர்ப் பச்சையில் ஒரு சிலந்தி, புலிவரி போட்ட ஒன்று, வலையே கட்டாமல் இலைக்கு இலை தாவுகிற இன்னொன்று. வயல் தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல் இருக்கிறது.

கீரைக்காரர் கஸ்தூரி ஒவ்வொரு கட்டையும் வரப்பின்மேல் தலைகீழாகப் பிடித்து உதறுகிறார். அவர் கணவர் மருந்து பம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நேத்து கட்டுல எட்டுகால் பூச்சி கீதுன்னு ஃப்ளாட்காரங்க திருப்பிட்டாங்க. இன்னிக்கும் திருப்புனாங்கன்னா மருந்து அடிச்சிடுவேன்," என்கிறார் கணவர்.

"யோவ், எலையத் துன்ற பூச்சிய அதுதான்யா துன்னுது. அத்த சாவடிச்சிட்டு, நீ ஒக்காந்து துன்னப்போறியா?"

அவர் சிரித்துவிடுகிறார். பம்பை மட்டும் இறக்கவில்லை.

நானும் உட்கார்ந்து உதறுகிறேன். விரலில் ஏறிய குட்டிச் சிலந்தி ஒன்று, கண்ணுக்குத் தெரியாத நூலை விட்டு மெல்லப் புல்லுக்கு இறங்குகிறது. நான் விரலை அசைக்காமல் வைத்திருக்கிறேன்.

கிளம்பும்போது கஸ்தூரி என் பையில் ஒரு கட்டைத் திணித்து, கணவரை ஓரக்கண்ணால் பார்த்துக் குரலைத் தாழ்த்துகிறார்.

"ஊட்டுல பிரிக்கசொல்லோ ஒண்ணு ஓடுச்சுன்னா, ஜன்னலாண்ட வுட்டுடுண்ணே. இந்தாளாண்ட மட்டும் சொல்லிடாத."