பரையா என்ற இங்கிலீஷ் வார்த்தை

மும்பையில், விக்ரோலியில் ஓர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவை எந்தக் கூட்டத்துக்கும் கூப்பிடுவதில்லை என்று மேலதிகாரிக்கு ஒரு மெயில் எழுதினேன். அதில், எங்களைப் 'பரையா' போல நடத்துகிறீர்கள் என்று இங்கிலீஷில் ஒரு வரி. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள். பேப்பரில் அடிக்கடி பார்த்த சொல். கொஞ்சம் கம்பீரமாக இருப்பதாகக்கூடத் தோன்றியது.

அனுப்புமுன் பக்கத்து மேஜைக்காரரிடம் காட்டினேன். மாதுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுப் பெண்மணி. மதியம் இருவரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்.

"இந்த வார்த்தைய எடுத்துடுங்கோ," என்றார்.

"ஏன், ஸ்பெல்லிங் தப்பா?"

"ஸ்பெல்லிங் சரிதான். எங்கேர்ந்து வந்ததுன்னு தெரியாதா? நம்ம தமிழ்லேர்ந்துதான். பறையர்."

தாராவியில் இருந்துகொண்டு இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவன் நான். அப்போதெல்லாம் தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். இரண்டு சொல்லையும் ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை. போனில் அகராதியைத் தேடினேன். தமிழில் பறை அடிப்பவர் என்று அதன் மூலத்தைப் போட்டிருந்தது.

சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆபீஸில் யாரிடமும் சொன்னதில்லை.

"நாங்க அந்த ஆளுகதான்," என்றேன்.

அவர் தன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அந்த வரியை அழித்துவிட்டு மெயிலை அனுப்பினேன். அன்று மதியம் தனக்கு மீட்டிங் என்றார். நிஜமாகவே மீட்டிங்தானா என்று யோசித்தபடி தனியாகச் சாப்பிட்டேன்.

சாயங்காலம் செம்பூரில் வீட்டுக்குத் திரும்பியதும், தாராவியில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"ஏல, வெள்ளக்காரன் பாஷைலயும் நம்மள ஒதுக்கித்தான் வச்சிருக்கானா?"

பிறகு குரல் மாறியது. "எங்க அய்யா பறைய எடுத்தா ஊரே நின்னு கேக்கும். அத எவனும் எழுதலியா?"

"அடிக்கிறவருன்னு எழுதியிருக்குப்பா. நல்லா அடிச்சாருன்னு எழுதல."

"அது அவனுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அப்பா.

மறுநாள் அந்தப் பெண்மணி சாப்பாட்டு டப்பாவோடு என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நேத்து மீட்டிங் ஒண்ணும் இல்லை. என்ன பேசறதுன்னு தெரியலை. எங்காத்துல அந்த வார்த்தைய வசவாத்தான் கேட்டு வளர்ந்தேன்."

கேட்க வலித்தது. ஆனால் மழுப்பாமல் சொன்னார். அவர் வீட்டில் யார், எப்போது அப்படித் திட்டுவார்கள் என்று கேட்டேன். அதையும் சொன்னார்.