வலப்பக்கம் ஏறிய பதக்கங்கள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. கதவோரம் இருப்பவரும் நகர்ந்து உட்காருங்கள். நான் கட்டிவிட்ட கதை என்று நினைக்க வேண்டாம். நடந்தது. அனுபவித்தவளே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். சொல்லும்போதுகூட அவள் விரல்கள் சில்லென்றிருந்தன.

அவள் ராணுவ அருங்காட்சியகத்தில் தலைமைத் தையல்காரி. பழைய சீருடைகளைக் கிழிசல் தைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் பொம்மைகளுக்கு மாட்டிவிடுவது வேலை. உதவிக்குத் தன் தங்கையையே சேர்த்துவிட்டிருந்தாள். தாயில்லாமல் இவள் இடுப்பிலேயே வளர்ந்த தங்கை.

அந்த வாரம் ஒரு மேஜரின் சிவப்புச் சீருடை வந்தது. கப்பலேறிப் போய் நாடு பிடித்த காலத்து மனிதர். நான்கு போர், நான்கு பதக்கம். அப்புறம் பதவி மேல் பதவி. பழுத்த கிழமாகிக் கட்டிலில் செத்தார் என்று பலகையில் எழுதியிருந்தது.

சீருடையின் முதுகில் மட்டும் ஒரு சின்ன வட்ட ஓட்டை.

“இவ்வளவு பெரிய வீரருக்கு முதுகுல ஓட்டையாக்கா? ஓடும்போது விழுந்திருக்கும்” என்று தங்கை சிரித்தாள்.

“பூச்சி அரிச்சிருக்கும்டி. ஒட்டுத் துணியைக் கொடு.”

பதக்கங்களை இடது மார்பில் தைத்தாள். பெட்டியைப் பூட்டினாள். சாவி இடுப்பில்.

சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால்... பதக்கங்கள் வலது மார்பில்.

ஊசி குத்தி மாட்டியதல்ல. தைத்திருந்தது. எறும்பு வரிசை போலப் பொடித் தையல்.

பிரித்து இடப்பக்கம் தைத்தாள். மறுநாளும் வலப்பக்கம். காப்பாளர் கொதித்துப்போனார்.

“நாளைக்குத் திறப்பு விழா. மேஜரோட கொள்ளுப்பேரன் வர்றார். விளையாடுறீங்களா?”

“நான் தொடவே இல்ல சார். இவளையே கேளுங்க.”

தங்கை தரையைப் பார்த்தாள். “அக்காதான் சார். நான் பார்த்தேன்.”

அவ்வளவுதான். இருபது வருட வேலை போயிற்று. அந்த இடம் தங்கைக்கு. தன் பெயர்ப்பட்டை தைத்த வேலை அங்கியை அக்கா கழற்றித் தந்தபோதும் தங்கை நிமிரவில்லை. பதக்கங்களை இடப்பக்கம் மாற்றித் தைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கத்தரிக்கோலை எடுக்க அக்கா அந்த அறைக்குப் போனாள். பட்டப்பகல். ஆள் அரவமில்லை.

சர்ர்க்...

தடித்த துணியில் நூல் இழுபடும் சத்தம்.

சர்ர்க்...

பூட்டிய பெட்டிக்குள்ளிருந்து.

ஊசி இல்லை. கை இல்லை. நூல் மட்டும் துணிக்குள் போய்ப் போய் வந்தது.

பொம்மையின் மார்பு...

ஏறி இறங்கியது.

மறுநாள் அக்கா வீட்டில். சாவி தங்கையிடம். பதக்கங்கள் வலப்பக்கம். கொள்ளுப்பேரன் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்துவிட்டாராம். “உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டவர், வீட்டு ரகசியத்தைத் தானே கொட்டிவிட்டாராம்.

தன் பதக்கம் என்றால் இடப்பக்கம். செத்துப்போன உறவுக்காரருடையது என்றால் வலப்பக்கம். படைக்காரர் வழக்கம் அது. அந்தப் போர்கள் நான்கிலும் சண்டை போட்டவன் மேஜரின் அண்ணன். அண்ணனின் சீருடையை மாட்டிக்கொண்டு, அண்ணனின் பெயரோடு ஊர் திரும்பி மேஜரானவன் தம்பி. அண்ணன் முதுகில் குண்டு பட்டுச் செத்தவன். சுட்டது எதிரியா என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் அக்காவின் கதவு தட்டப்பட்டது. தங்கை. உடம்பில் அக்காவின் வேலை அங்கி. இடது மார்பில் இருந்த அக்காவின் பெயர்ப்பட்டை...

வலது மார்பில். எறும்பு வரிசைத் தையல்.

“அக்கா... நீ உயிரோடதான் இருக்கியா?”

“இருக்கேன். உனக்குத்தான் இல்ல.”

கதவைச் சாத்திவிட்டு ஜன்னல் வழியே பார்த்தாள். படி இறங்கிப் போகும் அங்கியின் முதுகில் ஒரு சின்ன வட்ட ஓட்டை. இவள் போட்டிருந்தவரை இல்லாதது.

போய்ப் படுங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒருவருக்கொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கட்டும்.