கொழும்பு பஸ்ஸில் முடிந்த நாடகம்

மையால் மீசை வரைந்துகொண்டு கொழும்பு பஸ்ஸில் ஏறிய பெண் திருகோணமலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நான் நகரத்தில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் அறநெறிப் பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுப்பேன். பெரியவர்கள் முன்னால் மேடையேறு என்றால் ஓடி ஒளிந்துகொள்வேன். அப்படிப்பட்ட என்னை நடிக்க வைத்தவர் ஓர் அருட்சகோதரி. வேலை தருவதாக ஏமாற்றிப் பெண்களை வெளிநாட்டுக்குக் கொண்டுபோய் விற்கிறவர்களைப் பற்றி ஊர் ஊராகச் சொல்வதற்காக, கோயில், தேவாலயம், பள்ளிவாசல் மூன்றிலிருந்தும் ஆட்களைச் சேர்த்து அவர் ஒரு குழு அமைத்திருந்தார். பிரசங்கம் என்றால் சனம் எழும்பிப் போய்விடும், நாடகம் என்றால் நிற்கும் என்று அவர் நினைத்தார். ஏஜென்சிக்காரன் வேஷத்துக்கு மட்டும் ஒருவரும் முன்வரவில்லை.

"கசப்பு மருந்தைக்கூடக் கதைச்சுக் கதைச்சுக் குடிக்க வைக்கிறனீங்கள். உங்களுக்கு இது ஏலாதோ?" என்று சிஸ்டர் கேட்டார். ஓம் என்று சொல்லிவிட்டேன்.

வசனங்கள் எங்கள் கற்பனை இல்லை. டுபாயில் வீட்டு வேலைக்கென்று போய், வீட்டுக்கு வீடு கைமாற்றப்பட்டு, தப்பி வந்த ஒரு பெண் எங்களோடு வந்திருந்தார். தன்னை அழைத்துப்போனவர்கள் என்னென்ன சொன்னார்கள் என்று அவர் சொல்ல, நாங்கள் ஒரு சொல்லும் மாற்றாமல் பாடமாக்கினோம்.

ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நிலாவெளி அம்மன் கோயில் ஒன்றில் நாடகம் போட்டோம். மத்தியானப் பூசை முடிந்ததும் ஐயர் தானே மைக்கை எடுத்தார்.

"சாப்பாட்டுக்கு முதல் எல்லாரும் இதைப் பாருங்கோ. பெண்பிள்ளையளை விக்கிறவங்களைப் பற்றி அம்பாளின்ர வாசலில கதைக்காமல் வேற எங்க கதைக்கிறது?"

நான் ஏஜென்சிக்காரனாக, சாரமும் சேட்டும் மை மீசையுமாக நடுவில் வந்து நின்றேன். "தங்கச்சி, விசிட் விசாவில போவம். அங்க போனாப் பிறகு வேலை விசா ஆக்கலாம். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ, கண்ணூறு பட்டிடும்."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு பெண் மட்டும் ஆட்களை விலக்கிக்கொண்டு என்னிடம் ஓடி வந்தாள்.

"அக்கா, இதைத்தான் ஒரு பொம்பிளை என்ர தங்கச்சிக்கும் சொன்னவ! கண்ணூறு எண்டதும் சொன்னவ. வீட்டில எனக்கு மட்டும்தான் தெரியும், காலமைதான் சொன்னவள். இப்ப அந்தப் பொம்பிளையோட கொழும்புக்கு வெளிக்கிட்டிட்டாள்!"

தங்கையின் போனுக்கு அடித்தோம். அது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. சிஸ்டர் ஏற்கெனவே வீதியில் இறங்கி ஓட்டோ ஒன்றை மறித்துவிட்டார். "ஓடுங்கோ, இங்க நான் பாக்கிறன்!" என்று ஐயர் மைக்கிலேயே கத்தினார். மூவரும் ஏறினோம்.

அந்த ஓட்டத்தை என்னால் மறக்க முடியாது. வேட்டை நாயைப்போல நான் முன்னால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பயமா, சந்தோஷமா என்று எனக்கே விளங்கவில்லை. நகரத்துக்குள் நுழைந்ததும், எங்கள் ஊர்த் தெருக்களில் மாடுகள்போலத் திரியும் மான்கள் வழக்கம்போல வீதிக்குக் குறுக்கே நின்றன. ஹோர்ன் அடித்தும் அவை அசையவில்லை. சிஸ்டர் இறங்கி இரு கைகளையும் விரித்து, "போங்கோ, போங்கோ!" என்று அவற்றைத் துரத்தினார்.

பஸ் நிலையத்தில் கொழும்பு பஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டு நின்றது. சிஸ்டர் கொண்டக்டரிடம் விஷயத்தைச் சொல்ல, நான் உள்ளே பாய்ந்து ஏறினேன். ஓட்டோவில் வரும்போது அக்காக்காரி போனில் படம் காட்டிய அந்தப் பிள்ளை நடு சீட்டில் இருந்தாள். பக்கத்தில் பட்டுப்போல முகமுள்ள ஓர் அம்மா அவளுக்குத் தோடம்பழம் உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த அன்பான முகத்தைக் கண்டு ஒரு கணம் எனக்கே சந்தேகம் வந்தது.

என்ன கதைப்பதென்று தெரியவில்லை. தெரிந்த வசனத்தையே உரக்கச் சொன்னேன். "தங்கச்சி, விசிட் விசாவில போவம்..." என் கோலத்தைப் பார்த்து பஸ் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். கண்ணூறு என்ற சொல் வந்ததும் அவளுடைய சிரிப்பு நின்றது.

"அன்ரி, இது நீங்கள் சொன்னதெல்லோ?"

"ஆரோ விசரி, பிள்ளை. இறக்கி விடச் சொல்லுங்கோ."

"என்ர பாஸ்போட்டை ஒருக்காத் தாங்கோ."

"கொழும்பில தருவன்."

"இல்லை, இப்ப தாங்கோ."

கொண்டக்டர் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "பாஸ்போட்டைக் குடுக்குமட்டும் பஸ் எடுபடாது." பின் சீட்டுக்காரர்களும் சேர்ந்து சத்தம் போட்டார்கள். அந்த அம்மா கைப்பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து அவளுடைய மடியில் எறிந்துவிட்டுப் பின்கதவால் இறங்கினார். சந்தைப் பக்கம் வேகமாக நடந்த அவரைச் சிஸ்டர் போனில் படம் பிடித்தார். அன்றைக்கே அதைப் பொலிஸில் கொடுத்தோம்.

பஸ்ஸிலிருந்து இறங்கி அக்காவைக் கண்டதும் தங்கை கட்டிப்பிடித்து அழுதாள். பிறகு என்னைப் பார்த்துக் கோபமாகக் கேட்டாள். "இறக்கிப்போட்டீங்கள். இனி நான் என்ன செய்யிறது? நீங்கள் வேலை தருவீங்களோ?"

"தேடுவம்," என்றார் சிஸ்டர். "கிடைக்குமட்டும் நான் உங்கட வீட்டுக்கு வந்துகொண்டிருப்பன்." சொன்னபடியே போனார். நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பெரிய சம்பளம் இல்லை, அதை அவள் இன்றைக்கும் எங்களுக்குச் சொல்லிக்காட்டுவாள். ஆனால் பொலிஸில் வாக்குமூலம் கொடுக்கக் கூப்பிட்டபோது பயப்படாமல் வந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு பின்னேரம் நான் குசினியில் தோசை சுட்டுக்கொண்டிருந்தபோது சிஸ்டர் போன் எடுத்தார். "அந்தப் பொம்பிளையைப் பிடிச்சிட்டினம். கொழும்பில ஒரு வீட்டில இன்னும் பிள்ளையள் இருந்தவையாம். விமானம் ஏற முதல் எல்லாரையும் எடுத்தாச்சு! வீட்டுக்கு வருகினம்!"

நான் போட்ட கூச்சலில் அயலட்டைச் சனம் என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டது. அழுகையும் சிரிப்புமாக அவர்களுக்கு விளங்கப்படுத்தி முடிக்க, தோசை கரிக்கட்டையாகிக் கிடந்தது.