மெஷின் குளிர்ந்தது, காய் கருகியது

ஊரான் கம்ப்யூட்டரைத் திறந்து, தூசியைத் தின்று வயிறு வளர்க்கிற தொழில் என்னுடையது. உங்களுக்கும் அதே தலையெழுத்து என்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கேள்வி மேல் கேள்வி

மேகமலையில் ஒரு ஏலக்காய் ஸ்டோர். பறித்த காயைச் சூட்டறையில் உலர்த்தி மூட்டை கட்டுகிற இடம். அங்கிருந்த கம்ப்யூட்டர், லேபிள் அடிக்கும்போதெல்லாம் பொசுக்கென்று அணைந்தது. சின்னமனூரில் பஸ் ஏறினேன். ரோடு போட்ட ஆட்டத்தில் என் பல்செட் பக்கத்து சீட்டுக்காரர் மடியில் விழுந்து சிரித்தது. போய்ப் பார்த்தால், மெஷின் கொதித்த கொதிப்பில் அதன்மேல் பல்லி முட்டை பொரித்திருந்தது. சத்தியம்.

லினக்ஸ் மெஷின். சூட்டைச் சொல்லும் சென்சார்களைத் தேட கட்டளை கொடுத்தேன். இங்கே தேடவா, அங்கே தேடவா என்று அது கேட்கக் கேட்க, 'யெஸ்' அடித்தே விரல் தேய்ந்தது. பக்கத்தில் நின்ற கிளார்க் செல்வி சொன்னாள்: "என்னயப் பொண்ணு பாக்க வந்தவுககூட இம்புட்டுக் கேள்வி கேக்கலய்யா!"

முதலாளி வைத்தியம்

சும்மா இருந்தால் ஐம்பத்திரண்டு டிகிரி. லேபிள் அடித்தால் நூறு. அந்த எண்ணைத் திரையின் மூலையிலேயே நிற்கும்படி செய்தேன். "ஃபேன் முழுக்கத் தூசி. ஒரு நாள் நிறுத்துங்கள், சுத்தம் செய்கிறேன்" என்றேன். முதலாளிக்குச் சீசனில் நிறுத்த முடியாதாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் சென்சாரை என் நெற்றியில் வைத்திருந்தால் உருகியிருக்கும். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "அந்த நம்பர எடுத்துருங்க பெரியவரே. பாத்தாத்தான பயம் வருது." நான் எடுக்கவில்லை.

என் வாய்

காய் உலர்த்துகிற மொக்கைச்சாமி எட்டிப் பார்த்தார். காய் பச்சை மாறாமல் உலர, அறைச்சூடு ஐம்பதை ஒட்டி நிற்க வேண்டும். அவருடைய தெர்மாமீட்டர் உடைந்து ஒரு மாதம். முதலாளி வேறு வாங்கித் தரவில்லை. மனிதர் அடிக்கொரு தரம் உள்ளே போய் வெந்து வருவார். "இது என்ன நம்பருய்யா?" என்றார். என் வாய் சும்மா இருக்குமா? "இந்த மலையில் எந்த அடுப்பு எரிந்தாலும் இது பிடித்துச் சொல்லிவிடும்" என்று அளந்துவிட்டேன். அவர் கும்பிட்டே விட்டார்: "அப்ப இனி உள்ள போயி வேகத் தேவையில்ல. நல்லா இருப்பீகய்யா!"

முப்பத்தாறு

அவர் அடுப்பெரிக்கும் இரவில் லேபிள் வேலை கிடையாது; எண் ஐம்பத்திரண்டிலேயே நிற்க, மனிதர் நிம்மதியாக இருந்தார். இரண்டு வாரத்தில் மெஷின் ஒரேயடியாகப் படுத்தது. இப்போது மட்டும் நிறுத்த முடிந்தது. மறுபடி மலையேறிப் போய்த் துடைத்து மாட்டினேன். சும்மா இருக்கையில் முப்பத்தாறு! மார்தட்டிக்கொண்டு ஸ்டோரிலேயே ஒரு மூலையில் படுத்தேன்.

மொக்கைச்சாமி திரையைப் பார்த்து, சூட்டறை ஆறிவிட்டது என்று பதறி விறகைத் திணித்திருக்கிறார். எண் ஏறவில்லை. இன்னும் திணித்திருக்கிறார். காலையில் அறை முழுக்கக் காய், காப்பிக்கொட்டை நிறத்தில்.

"ஏலே, நாளைல இருந்து இங்கன காலெடுத்து வைக்காத!" என்று முதலாளி அவர்மேல் பாய்ந்தார். மொக்கைச்சாமி என்னைக் கைகாட்டவே இல்லை, தலைகுனிந்து நின்றார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "புளுகினவன் நான்! தெர்மாமீட்டர் வாங்கித் தராதவர் நீங்கள்! அவரை அனுப்பினால் இந்த மெஷினை இனி எவன் தொடுகிறான் பார்க்கிறேன்!" என்று கத்தினேன்.

முதலாளி திரையில் நின்ற முப்பத்தாறைப் பார்த்தார், காயைப் பார்த்தார். "சரி, அவன் இருக்கட்டும். நீங்க தொடச்ச தூசிய மறுபடி உள்ள போட்டுட்டுப் போங்க."

சுத்தம் செய்ததைத் திரும்ப அழுக்காக்கித் தரச் சொல்கிற தொழில் உலகத்தில் இது ஒன்றுதான், சக பாவிகளே. அந்தத் தொழிலை நம்பித்தான் மறுவாரம் ஒரு தெர்மாமீட்டரை மடியில் கட்டிக்கொண்டு, பல்செட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, மறுபடி அந்த பஸ்ஸில் ஏறினேன்.