வெர்னாவின் புகை வீடு

எங்கள் எல்ம்கில் ஊரில் வெர்னா ஹாலன்பெக்கைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் முதலில் பேட்டரியைத்தான் சொல்வார்கள். கோட்டுப் பையில் எப்போதும் நாலைந்து சதுர பேட்டரி வைத்திருப்பாள். கல்யாண வீடோ துக்க வீடோ, உள்ளே நுழைந்ததும் அவள் கண் மனிதர்களைத் தேடாது, கூரையில் இருக்கும் புகை அலாரத்தைத்தான் தேடும். என் மாமியார் இறந்தபோது துக்கம் கேட்க வந்தவள், கொண்டுவந்த மக்ரோனிப் பாத்திரத்தை என் கையில் திணித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறிவிட்டாள்.

"இன்னிக்குமா வெர்னா?" என்றேன்.

"சாவு வீட்லதான் அடுப்ப அணைக்க மறப்பாங்க. நாற்காலியப் பிடி எல்வுட், விழுந்து தொலைக்கப் போறேன்."

நான் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவன். ஊர்த் தீயணைப்புப் படையின் வண்டியை ஓட்டுவதும் நான்தான். படையில் ஒருவருக்கும் சம்பளம் கிம்பளம் கிடையாது. படையின் கூடத்தின் மேல் இருக்கும் சங்கு ஊதினால், பால் கறந்துகொண்டிருந்தாலும் முடிவெட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். முப்பது வருடம் முன்பு வெர்னா இந்தப் படைக்குக் காபி போடத்தான் வந்தாள். ஒருநாள் தனக்கும் கோட்டும் தலைக்கவசமும் வேண்டும் என்றாள். பொம்பளைக்கு ஏற்ற அளவில் பூட்ஸ் இல்லை என்று அன்றைய தலைவர் சிரித்தார்.

"ரெண்டு சாக்ஸ் சேத்துப் போட்டுக்கறேன். நீங்க காபி போடக் கத்துக்கங்க," என்றாள்.

அவர் கடைசிவரை காபி போடக் கற்றுக்கொள்ளவில்லை. இவள் எங்கள் எல்லோரையும்விட வேகமாக ஏணி ஏறக் கற்றுக்கொண்டாள்.

வயிற்றுப்பாட்டுக்குப் பள்ளிக்கூட பஸ் ஓட்டினாள். ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரையும் காலையில் ஏற்றி மாலையில் இறக்கியவள் அவள்தான். எந்தப் பிள்ளை வீட்டில் விறகடுப்பு, எந்த வீட்டில் புகைபோக்கி அடைத்திருக்கிறது, எல்லாம் அவளுக்குத் தெரியும். அவளுக்கென்று பிள்ளை கிடையாது. அதைப் பற்றி யாராவது உச்சுக்கொட்டினால், "நாப்பத்தெட்டு இருக்கு, ஒவ்வொண்ணும் வாந்தி எடுக்கும், உனக்கு ரெண்டு தரட்டா?" என்பாள்.

அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் புகை வீட்டைக் கட்டினாள். பன்னிரண்டு வருடம் முன்பு யாரோ வேண்டாம் என்று விட்ட, வீடு மாதிரி உள்ளேயே தங்கிக்கொள்ளும் பழைய முகாம் வண்டி ஒன்றைக் கூடத்துக்கு இழுத்து வந்தோம். இரண்டு குளிர்காலம் நானும் அவளும் அதில் வேலை செய்தோம். உள்ளே பொம்மை வீடு போல ஒரு சின்ன முன்னறை, சோபா, வாசல் கதவு, ஆறு படி ஏறினால் பரண், பரணில் ஒரு ஜன்னல். பொய்ப் புகை விடும் எந்திரம் வைத்தோம். ஒவ்வொரு அக்டோபரிலும் அது பள்ளி மைதானத்துக்குப் போகும். பிள்ளை பின்பக்கத் திரை வழியாக உள்ளே நுழையும். கீழே வழி அடைபட்டால் தப்புவது எப்படி என்பதுதான் பாடம். அலாரம் அடிக்கும், புகை வரும். குனிந்து தவழ்ந்து, படியேறி, பரண் கதவைச் சாத்தி, ஜன்னலில் நின்று தலையணை உறையை ஆட்ட வேண்டும். நான் வெளியே ஏணியில் நின்று தூக்கி இறக்குவேன். பிள்ளை கீழே தொங்கும் மணியை அடிக்கும். வெர்னா சட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாள். கிறிஸ்துமஸுக்குக்கூட அப்படிக் காத்திருக்க மாட்டார்கள்.

முதல் வருடமே ஒரு தலைவலி வந்தது. புகை வந்ததும் பிள்ளைகள் அந்த வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடிவிட்டார்கள். வரிசை குலைந்தது, டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார், ஏணியில் நான் மட்டும் ஆளில்லாமல் நின்றேன். மறுநாள் அந்தக் கதவில் இரண்டு ஸ்க்ரூ போட்டு இறுக்கிவிட்டேன். பிரச்சினை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டேன். வெர்னாவும் சபாஷ் என்றாள்.

போன அக்டோபரில் ஐவி என்ற ஏழு வயதுப் பெண் உள்ளே போனாள். புகையைக் கண்டதும் நேராகக் கதவுக்கு ஓடி, இரண்டு கையாலும் தட்டி, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதாள். வெர்னா உள்ளே போய் அவளைத் தூக்கி வந்தாள்.

"அந்தக் கதவு இதுல கிடையாது கண்ணு. அதத் தொடவே கூடாது. போ, வரிசைல கடைசில நில்லு."

ஏணியில் நின்ற நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. ஐவி இரண்டாம் முறை போய் எல்லாவற்றையும் பிசகாமல் செய்து ஸ்டிக்கர் வாங்கினாள். அந்த ஸ்டிக்கரைக் குளிர்காலம் முழுவதும் பஸ்ஸுக்கு வரும் கோட்டிலேயே வைத்திருந்தாள்.

மார்ச் மாதம், ஞாயிற்றுக்கிழமை காலை. கூடத்தில் படையின் பான்கேக் விருந்து. மேப்பிள் மரங்களில் நீர் இறங்கும் பருவம், பாதி ஊர் வந்திருந்தது. வெர்னா கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். சங்கு ஊதியது. கரண்டியை அப்படியே மாவில் போட்டுவிட்டு ஓடினாள். வண்டியில் நான், அவள், டானர் என்ற பத்தொன்பது வயதுப் பையன், மூன்று பேர்தான். ரேடியோவில் முகவரி சொன்னார்கள். ஐவியின் வீடு.

"அலாரம் நாந்தான் மாட்டினேன்," என்றாள் வெர்னா. "நவம்பர்ல பேட்டரி மாத்தினேன். பொண்ணு வெளிய வந்திருப்பா. சூட்டிகையான பொண்ணு."

வீட்டுப் பின்பக்கம் முழுக்கத் தீ. ஐவியின் அம்மா கென்ட்ரா, மேப்பிள் நீரைப் பாகாக்க அகலமான பாத்திரத்தில் அடுப்பில் காய்ச்ச வைத்துவிட்டு, ஆடு குட்டி போடுகிறது என்று கொட்டகைக்குப் போயிருக்கிறாள். பாத்திரம் வற்றித் தீப்பிடித்துவிட்டது. நாங்கள் போனபோது தபால் பெட்டிக்கும் கொட்டகைக்குமாக அவள் ஓடிக்கொண்டிருந்தாள். தீப்பிடித்தால் தபால் பெட்டியில் சந்திக்க வேண்டும் என்று அந்த வீட்டில் ஏற்பாடு. வெர்னா கொடுத்தனுப்பிய தாளில் கென்ட்ராவே எழுதிக் கையெழுத்துப் போட்டது.

"இங்க காணோம்! இங்க வரலியே! ஆட்டுக்கிட்டயும் இல்ல!" என்று கத்தினாள். "டிவி பாத்துட்டிருந்தா, கதவு பக்கத்துலயே! கதவுக்குப் பூட்டுகூடப் போடல! வெளியிலதான் இருப்பா, தேடுங்க!"

நான் தோட்டத்துப் பக்கம் திரும்பினேன். டானர் என் தோளைப் பிடித்து உலுக்கி மேலே காட்டினான்.

மாடி ஜன்னலில் ஐவி நின்றாள். தலையணை உறையை ஆட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வண்டியைப் பார்த்ததும் சிரித்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், சிரித்தாள். அவளுக்குப் பின்னால் அறை கறுத்துக்கொண்டு வந்தது.

"மேல என்னடி பண்ற!" என்று வெர்னா கத்தினாள். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

ஏணியைச் சாத்துவதற்குள் உறை ஆடுவது நின்றது. ஜன்னலில் தலையைக் காணோம். அறுபத்தோரு வயதில் முழு உடுப்போடு வெர்னா அந்த ஏணியில் எப்படி ஏறினாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. இடுப்புவரை உள்ளே நுழைந்து துழாவி, பிள்ளையைச் சட்டையோடு பிடித்து இழுத்தாள். கீழே டானர் தண்ணீர்க் குழாயோடு வாசல் கதவைத் தள்ளினான். ஒரு கையால் தள்ளியதற்கே திறந்துகொண்டது.

தபால் பெட்டிக்குப் பக்கத்தில் புல்லில் கிடத்தி ஆக்ஸிஜன் வைத்தோம். பிள்ளையின் மூக்கைச் சுற்றிக் கரி. கென்ட்ரா மண்ணில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நிமிடம் என்று தெரியவில்லை. ஐவி இருமினாள். கண்ணைத் திறந்து வெர்னாவைத் தேடினாள்.

"கண்ணு, கதவு பக்கத்துலயே இருந்துச்சேம்மா. ஏன் மேல போன?" என்று கேட்டாள் கென்ட்ரா.

ஐவி அம்மாவைப் பார்க்கவில்லை. வெர்னாவைப் பார்த்தே சொன்னாள், குரல் தேய்ந்து போயிருந்தது. "இந்தத் தடவ நான் கதவத் தொடவே இல்ல, மிஸ் வெர்னா."

வெர்னா மண்டியிட்டபடியே தலைக்கவசத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். என் கையால் போட்ட இரண்டு ஸ்க்ரூ என் கண் முன்னால் வந்தன. ஆம்புலன்ஸ் போன பிறகு நான் அந்த வீட்டுக்குள் போனேன். சோபாவிலிருந்து வாசல் கதவுக்கு ஐந்து தப்படி. மாடிப்படிக்குப் பதினொன்று. மாடிப்படிக்குக் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும்.

புதன்கிழமை வாரப் பத்திரிகையில் வெர்னாவின் படம் வந்தது. பயிற்சி காப்பாற்றிய பிஞ்சு உயிர் என்று தலைப்பு. எங்கள் இப்போதைய தலைவர் ஆர்லோ அதைக் கூடத்தின் சுவரில் ஒட்டினார். மாவட்டத்திலிருந்து கேடயம் தரப் போகிறார்களாம். அதற்குள் வெர்னா பஸ்ஸில் ஒரு காரியம் செய்திருந்தாள். திங்கட்கிழமை காலை பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பி, "வீட்ல தீப்பிடிச்சா மொதல்ல என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

நாற்பது குரல் ஒன்றாகச் சொன்னதாம்: "மேல போவோம்! ஜன்னல்ல நின்னு ஆட்டுவோம்!"

கடைசி இருக்கையிலிருந்து ஒரு பெண் கையைத் தூக்கியதாம். "எங்க வீட்ல மாடியே இல்ல மிஸ் வெர்னா. நான் எங்க போறது?"

அவள் இதை என் கடையில் தீவன மூட்டை மேல் உட்கார்ந்து சொன்னாள். "பன்னண்டு வருஷம் எல்வுட். வெளிய ஓடின பிள்ளைங்களத்தான் திட்டினேன். சரியாச் செஞ்சதுங்கள வரிசைல கடைசிக்கு அனுப்பினேன்."

"ஸ்க்ரூ போட்டது நானு," என்றேன்.

"தொடாதேன்னு சொன்னது நான்."

புதன் மாலை கூடத்தில் படை கூடியபோது அவள் சுவரிலிருந்த படத்தைக் கிழித்தாள். ஆர்லோவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"அம்மா தாயே, பிள்ளை பொழச்சிடுச்சில்ல? ஏன் நீயே உன் தலைல மண்ணள்ளிப் போட்டுக்கற? ஊருக்கு இதெல்லாம் தெரியணுமா?"

"டானர்," என்றாள் வெர்னா, ஆர்லோவைப் பார்க்காமலே. "உன் வீட்ல தீ. மொதல்ல என்ன பண்ணுவ?"

டானர் புகை வீட்டில் முதல் வருடம் மணியடித்த பிள்ளைகளில் ஒருவன். இரண்டு வருடமாகப் படையில் இருப்பவன். "மாடி ஜன்ன..." என்றவன் பாதியில் நிறுத்தினான். ஆர்லோ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அதன் பிறகு வெர்னா அக்டோபருக்குக் காத்திருக்கவில்லை. புகை வீட்டில் படித்த பிள்ளைகள் இருக்கிற வீடு ஒவ்வொன்றுக்கும் நடந்தாள். பெரியவர்களாகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் வீட்டுக்கும் போனாள். "நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்," என்று வாசலில் நின்றே சொன்னாள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவை முகத்தில் சாத்தினார்கள். ஒரு தகப்பன் அவளைக் கொலைகாரி என்றே சொன்னான். அவள் அதற்கும் தலையாட்டிவிட்டு, உள்ளே அலாரத்துக்குப் பேட்டரி இருக்கிறதா என்று கேட்டாளாம். எனக்கு அந்தத் தைரியம் கிடையாது. நான் தெருமுனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

ஐவி பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். குரல் மட்டும் கரகரப்பாகவே நின்றுவிட்டது. மே மாதம் பள்ளிக்கு வந்தாள். அந்த வாரமே புகை வீட்டை மைதானத்துக்கு இழுத்துப் போனோம். பரண் ஜன்னல் ஏணியை நான் அறுத்துப் போட்டிருந்தேன். ஸ்க்ரூ இரண்டையும் பிள்ளைகள் முன்னால் கழற்றச் சொன்னாள் வெர்னா. துருப்பிடித்து இறுகியிருந்தன, கழற்ற வெகுநேரம் ஆனது. பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கதவைத் தள்ளிக்கொண்டு கத்தியபடி வெளியே ஓடி வந்தார்கள்.

ஐவியை யாரும் கூப்பிடவில்லை. அவளாகவே வரிசையில் வந்து நின்றாள். கென்ட்ரா வேலியோரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். அலாரம் அடித்தது, புகை விட்டேன். கதவு திறக்கவில்லை. பத்து எண்ணினேன். எந்திரத்தை அணைத்துவிட்டு நானும் வெர்னாவும் ஓடிப்போய்க் கதவை வெளியிலிருந்து திறந்தோம்.

ஐவி கதவுக்கு நேரே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

"தொட்டா திட்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

வெர்னா கதவை மறுபடி மெல்லச் சாத்தினாள். அதை ஒட்டி மண்ணில் முட்டி போட்டாள்.

"தள்ளு கண்ணு," என்றாள், உள்ளே நிற்கும் பிள்ளைக்குக் கேட்கும்படி. "எவ்வளவு பலமா முடியுமோ அவ்வளவு பலமாத் தள்ளு."

கதவு வந்து அவள் நெற்றியில் மோதியது.