அட்டகோராவின் செம்புக் காப்பு

நான் முதன்முதலில் பார்த்தபோது அட்டகோராவுக்குத் தலை இல்லை. எங்கள் ஊர்த் தேவாலய வாசலில், இடுப்புக்கு மேலே உள்ளதையெல்லாம் ஓர் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் நுழைத்துவிட்டு, வெளியே இரண்டு கால்களாகக் கிடந்தார். கொக்கோ தோட்டமே கதியென்று கிடந்த எங்கள் வம்சத்தில் முதல் ஆள் பட்டம் வாங்கியிருந்தான், அது நான், பாடம் இயற்பியல். அதற்காக அப்பா வைத்த நன்றி ஆராதனைக்கு ஒலி போட வந்தவர் அவர்.

“யாரும் கிட்ட வராதீங்க, ஆபரேசன் நடக்குது” என்றது பெட்டி. உள்ளே கட்டிங் பிளேயர் ‘டொக்’கென்று எதையோ கடித்தது. வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு பலகை. அதில் செம்புக் கம்பிச் சுருளும் இரண்டு கபாசிட்டர்களும் இருந்தன. ஆட்டு ஈரலைத் தூக்கிக் காட்டும் கசாப்புக்காரரைப்போல எல்லோருக்கும் காட்டினார். “இதுதான் கிராஸ்ஓவர். பாஸிவ். பொட்டியோட ரத்தத்தைக் குடிக்கிற அட்டை.”

சாதாரணப் பெட்டிக்கு ஓர் ஆம்ப்ளிஃபயர் போதும். எல்லா ஒலியும் ஒன்றாகவே உள்ளே போகும். தடித்ததைப் பெரிய கூம்புக்கும் மெல்லியதை மேலே உள்ள ஹாரனுக்கும் பிரித்து அனுப்புவது அந்தப் பலகை. அட்டகோராவின் கட்சி வேறு. ஒலியை முதலிலேயே வெளியே ஒரு கருவியில் பிரித்துவிட வேண்டும். தடித்த ஒலிக்கு, அதாவது பாஸுக்கு, தனி ஆம்ப், ஹாரனுக்குத் தனி ஆம்ப். இது ஆக்டிவ்.

“ஃபுஃபுக் களியையும் சூப்பையும் ஒண்ணாக் கரைச்சு ஊத்திட்டு, வயித்துக்குள்ள போய்ப் பிரிச்சுக்கோன்னு சொல்ற மாதிரி இருக்கு உங்க பாஸிவ். நான் தனித்தனிச் சட்டியில வெக்கிறவன்.”

பிறகு எனக்கு மாம்போங் பள்ளியில் ஆசிரியர் வேலை கிடைத்தது. வாடகை அறையோ, லாரி நிலையத்துக்குப் பின்னால் இருந்த அவர் கடைக்கு நேர் பின்புறம் அமைந்தது. என் ஜன்னல் கண்ணாடிக்கு அவரை என்னைவிட நன்றாகத் தெரியும். பாஸைச் சோதிக்க அவர் கருவி எதுவும் வைத்துக்கொண்டதில்லை. பெட்டியின் தலையில் ஒரு தண்ணீர் பாக்கெட்டை வைப்பார். அது நடுங்கி, நகர்ந்து, விளிம்புக்கு வந்து, கீழே விழுந்து வெடித்தால்தான் பாஸ் தேறியது. பாக்கெட் விழும்வரை கடைக்கு வந்தவர் என்ன கேட்டாலும் பதில் வராது. வந்தாலும் காதில் விழாது.

வெட்டி எடுத்த பலகைகளைப் பழைய இரும்புக்காரர்களிடம் போட்டுவிடுவார். முதன்முதலாக வெட்டிய பெட்டியின் சுருளை மட்டும் பிரித்து, மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றிக் காப்பாகப் போட்டிருந்தார். யாராவது அதைக் கவனிக்கும்வரை கையை ஆட்டி ஆட்டிப் பேசுவார்.

“அண்ணே, ஹாரனுக்கு முன்னால ஒரு கபாசிட்டரையாவது விட்டு வைங்க. தப்பித் தவறி பாஸ் அந்தப் பக்கம் போனா அது தடுக்கும்” என்று ஒருமுறை சொன்னேன். மூன்றாம் ஆண்டுப் பாடம் அது.

“தப்பித் தவறிப் போக நான் என்ன ட்ரோட்ரோ வேன் ஓட்டுறவனா? டிகிரி, நீ படிச்சது தாள்ல. தாளுக்குச் சத்தம் கிடையாது.”

ஊரில் இன்னொரு ஒலிக்காரர் இசிஃபு, முஸ்லிம்கள் வாழும் ஸோங்கோ பகுதிக்காரர். அவரிடம் ஓர் ஆம்ப், உள்ளே பலகையோடு இரண்டு பழைய பெட்டிகள், அவற்றைத் தள்ளிவர ஒரு கைவண்டி. அட்டகோரா அவற்றுக்கு வைத்த பெயர் ‘செத்த பொட்டி’. இசிஃபு எதிரே வந்தால், இறந்தவருக்குச் செய்வதுபோலத் தொப்பியைக் கழற்றி அந்த வண்டிக்கு மரியாதை செய்வார். இசிஃபு வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார்.

ஊர் அரண்மனையின் மூத்த தலைவியான ராணித்தாயின் தம்பி இறந்தபோதுதான் விஷயம் முற்றியது. ராணித்தாய்க்குக் காது மந்தம். தம்பியின் சாவுச் சடங்கில் ஒவ்வொரு சொல்லும் தன் காதில் விழ வேண்டும், அப்படி விழவைப்பவருக்கே இனி அரண்மனை நிகழ்ச்சிகள் எல்லாம் என்று சொல்லியனுப்பினார். அட்டகோரா அன்றைக்கே போய், அரண்மனைக்காரர்களை விளிக்கும் ‘நானா’ என்ற மரியாதைச் சொல்லோடு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். “நானா, கடைசிப் பந்தல்ல ஈ தும்முனாக்கூட உங்களுக்குக் கேக்கும்.”

சனிக்கிழமை காலை நான்கு கோபுரங்கள் எழுந்தன. கீழே பாஸ், மேலே ஹாரன். கேபிள் முனைகளில் அவர் ஒட்டிவைத்திருந்த டேப்தான் அடையாளம்: சிவப்பு என்றால் பாஸ், கறுப்பு என்றால் ஹாரன். நிறத்தைத் தேர்ந்தெடுத்தவருக்கு, ஊரில் ஒவ்வொரு சாவுக்கும் பந்தல், நாற்காலி, கம்பம் எல்லாமே சிவப்பும் கறுப்புமாகத்தான் உடுத்தும் என்பது மறந்துவிட்டது. அவர் ராணித்தாயின் பரிவாரத்துக்கு ஆக்டிவின் மகிமையை விளக்கிக்கொண்டிருந்த நேரத்தில், அலங்காரப் பெண்கள் அவருடைய கேபிள்களையும் விட்டுவைக்கவில்லை. ஒன்று விட்டு ஒன்று, சிவப்பு ரிப்பன், கறுப்பு ரிப்பன், அடியில் இருந்த டேப்புக்கு நேர் எதிராக, முனைவரை அழகாகச் சுற்றிவிட்டார்கள். ரிப்பனைத் தூக்கி அடியில் என்ன நிறம் என்று பார்க்க ஒரு நகம் போதும். அட்டகோரா கையை ஆட்டி யாரிடமோ பேசியபடியே, சிவப்பைப் பாஸிலும் கறுப்பை ஹாரனிலும் செருகினார்.

முதல் பாட்டு தொடங்கியது. ‘டக்’. ‘டக்’. ‘டக்’. ‘டக்’. தடுக்கக் கபாசிட்டர் இல்லாமல் பாஸ் நேராக உள்ளே பாய்ந்து, நான்கு கோபுரங்களிலும் நான்கு ஹாரன்களின் உயிர் போயிற்று. பெரிய கூம்புகளிலிருந்து கொசு பாடுவதுபோல ஏதோ வந்தது. அட்டகோரா ஓடிப் போய்க் கேபிள்களை மாற்றிச் செருகினார். பாஸ் வந்தது. பாஸ் மட்டும் வந்தது.

இறந்தவரின் மகள் ஃபோசுவா ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்தாள். அப்பாவைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தாள். ஒலிவாங்கியைப் பிடித்து வாயைத் திறந்தாள். “ம்ம்பு... பும்... ம்ம்பும்...” பெட்டிகள் மேலிருந்த தண்ணீர் பாக்கெட்டுகள் வரிசையாக நடக்க ஆரம்பித்தன.

“பொண்ணு பேசுதா, மழை வருதா?” என்று ராணித்தாய் பக்கத்திலிருந்தவரைக் கேட்டார்.

“அட்டகோரா, உன் பொட்டிக்குப் பல்லு கொட்டிருச்சாய்யா?” என்றாள் கருஞ்சிவப்புத் துணி கட்டிய ஒருத்தி. பந்தலே குலுங்கியது. துக்க வீட்டில் சிரிக்கக்கூடாதென்று வாயைப் பொத்தியவர்களுக்குத்தான் கண்ணில் தண்ணீர் அதிகம் வந்தது.

ஃபோசுவா இரண்டாவது தடவை முயன்றாள். பிறகு தாள்களை மடித்துவிட்டு, நின்ற இடத்திலேயே நின்றாள். அவள் உதடு துடித்தது கடைசிப் பந்தல்வரை தெரிந்தது.

துக்கத்துக்கு வந்து உட்கார்ந்திருந்த இசிஃபுவைக் குடும்பத் தலைவர் பார்த்தார். இசிஃபு எழுந்து போனார். கால் மணி நேரத்தில் கைவண்டியோடு வந்தார். இரண்டு பெட்டிகளை இரண்டு நாற்காலிகளில் ஏற்றி, ஆம்பிலிருந்து ஆளுக்கொரு கம்பி இழுத்துச் செருகினார். ராணித்தாய் முன் குனிந்து, “செத்த பொட்டிதான் நானா. செத்த வீட்டுக்குப் பாந்தமா இருக்கும்” என்றார். அட்டகோராவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்கப்பா எங்களை அடிச்சதே இல்ல. அடிக்கப்போற மாதிரி பாப்பாரு, அது போதும்” என்று ஃபோசுவா தொடங்கினாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. ராணித்தாய் தம்பியின் பெயரைச் சொல்லி வாய்விட்டு அழுதார். அட்டகோரா ஓடாத ஒரு பெட்டியில் கை வைத்து, அதற்குக் காய்ச்சலா என்று பார்ப்பவர்போல நின்றிருந்தார்.

அரண்மனை வேலை இசிஃபுவுக்குப் போயிற்று. மூன்று வாரம் கழித்து அட்டகோரா என் கதவைத் தட்டினார். கையில் அதே கட்டிங் பிளேயர். ஹாரன்களுக்குப் புது உயிர் வாங்கிப் போட்டுவிட்டாராம். மூன்று பெட்டிக்குப் பலகையும் தேடிப் பிடித்துவிட்டாராம். நான்காவதற்குத்தான் சுருள் அகப்படவில்லை. மணிக்கட்டை நீட்டினார்.

“பாத்து வெட்டு டிகிரி. வெளிய சொல்லிராத.”

வளைந்து நசுங்கிய கம்பியைத் திரும்பச் சுற்றினால் பழைய கணக்கு வராது என்றேன். “சாவு வீட்டுல எவன் அளக்கப்போறான்?” என்றார். வெட்டினேன்.

அட்டகோரா இப்போதும் லாரி நிலையத்துக்குப் பின்னால்தான் இருக்கிறார். சனிக்கிழமைகளில் சில்லறைச் சாவுகளுக்குப் போகிறார். ஒரே ஓர் ஆம்பை மட்டும் எடுத்துப் போகிறார். எல்லாச் சொல்லும் கேட்கிறது. பெட்டி ஆக்டிவா பாஸிவா என்று யாராவது கேட்டால் “ஆக்டிவ்” என்கிறார். சொல்லிவிட்டு, வெயிலில் கறுத்த கையில் வெளுத்துத் தெரியும் அந்த மூன்று வளையத் தடங்களின் மேல் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொள்கிறார்.